மிதிக்காதே

மின்விசிறியை நிறுத்தியாகிவிட்டது.
மே மாதம், பம்மல், மொட்டைமாடி அறை.
ஓடினால் டேப் பறக்கும்,
ஓடாவிட்டால் நான் உருகுவேன்.
டேப்தான் முக்கியம் என்று முடிவாகி
மூன்று வருடம் ஆகிறது.

பகலில் நான் பல் செய்கிறவள்.
குரோம்பேட்டை லேபில், யார் யாருக்கோ
கடைவாய்ப் பல், முன்பல்.
வாய் தெரியும், ஆள் தெரியாது.
அதே உருப்பெருக்கியை நெற்றியில் மாட்டிக்கொண்டு
இரவில் விமானத்துக்கு எழுத்து வெட்டுகிறேன்.

வெட்டுவது என்றால்,
வண்ணம் எங்கே போகக்கூடாதோ
அந்த இடத்தை வெட்டுவது.
மூடி வைப்பது என் வேலை,
அடிப்பது அருமைநாயகம்.
பல்லாவரம் பட்டறையில் பைக் டேங்குகளுக்கு
ஸ்ப்ரே அடிக்கிறவன்.
விரல் இடுக்கில் எப்போதும்
யாரோ ஒருவருடைய புல்லட்டின் சிவப்பு.

இந்த முறை ஹண்டர்.
எழுபத்திரண்டில் ஒரு பங்கு,
மூக்கிலிருந்து வால் வரை ஒரு சாண் வராது.
மூவண்ண வட்டத்துக்கு காம்பஸில் பிளேடு கட்டினேன்.
வால் எண்ணில் ஒரு எட்டு.
எட்டுக்கு வயிற்றில் இரண்டு தீவு.
வெட்டியதும் காணாமல் போய்விடும்.
ஒன்று என் முழங்கையில் கிடைத்தது,
ஒன்று காப்பி டம்ளரின் அடியில்.

இறக்கையில் கால் வைக்கக்கூடாத இடத்தில்
வழக்கமாக ஆங்கிலம்தான்.
தமிழில் போடலாமே என்றான்.
யார் மிதிக்கப்போகிறார்கள் என்றேன்.
ஈ, என்றான்.

மி, தி, க், கா, தே.
அரை அரிசி உயரம்.
இரண்டாம் எழுத்தின் கொக்கி வளையும் இடத்தில்
மூச்சைப் பிடித்துக்கொண்டபோது
நிஜ விமானம் ஒன்று சக்கரத்தை இறக்கியபடி
மீனம்பாக்கத்துக்குத் தாழ்ந்தது.
ஜன்னல் கம்பி அதிர்ந்தது, மேசை அதிர்ந்தது,
தி, தீ ஆனது.
கிழித்துப் போட்டு வேறொன்று வெட்டினேன்.

புள்ளிதான் கடைசி.
அது பிளேடுக்கு அகப்படாது.
மரத்துப்போக வைக்கும் ஊசியின் கூரை அறுத்து,
தேய்த்து, டேப்பில் அழுத்தித் திருகினால்
குழலுக்குள் ஒரு மஞ்சள் துகள் ஏறிக்கொள்ளும்.
கம்பியால் தள்ளி
ககரத்தின் தலைமேல் வைத்தேன்.
பல்குச்சியால் ஒரு தட்டு.

அடியில் வெள்ளை, அதன்மேல் எழுத்து,
எழுத்தின்மேல் பச்சை, மூன்று மெல்லிய பூச்சு.
ஒரு மணி நேரம் கழித்து உரித்தோம்.

மிதிககாதே, என்றது இறக்கை.

நீ புள்ளியே வைக்கவில்லை என்றான்.
உன் காற்று அடித்துக்கொண்டு போயிற்று என்றேன்.
டார்ச்சைத் தரையில் படுக்கவைத்து
நான் நாலு காலில், அவன் நாலு காலில்.
ஓர் எறும்பு, ஒரு நகத்துண்டு,
எப்போதோ வெட்டிய ஓர் ஆறின் தொப்புள்.
பிறகு பேச்சு வேறெங்கோ போனது,
அவன் திருப்பித் தராத இரண்டாயிரம்,
நான் முகத்தை வைத்துக்கொள்ளும் விதம்.
படியிறங்கிப் போய்விட்டான்.

ஒன்பது நாள்.
ஒரு நாள் மழை இருட்டிக்கொண்டு வந்து
ஏமாற்றிவிட்டுப் போனது.
பதினான்கு பல் செய்தேன்.

பத்தாம் நாள் தூசி துடைக்க எடுத்தபோது
கட்டைவிரலில் ஏதோ இடறியது.
கண்ணுக்குப் பச்சைமேல் பச்சை,
விரலுக்கு மட்டும் ஒரு மேடு.
பல்லிலும் இப்படித்தான்,
கண்ணாடி காட்டாததை
நாக்கு கண்டுபிடித்துப் புலம்பும்.

ஊசி நுனியால் நெம்பினேன்.
பச்சை மூடி எழுந்தது.
கீழே வெள்ளையாக, வட்டமாக,
வைத்த இடத்திலேயே.

போன் செய்தேன்.
எடுத்தான், பேசவில்லை.
கம்ப்ரசர் ஓடும் சத்தம்.
நீ அடித்த பச்சைக்கு அடியில்தான் இருந்தது என்றேன்.
நான் உரிக்க மறந்தது என்றும் சொல்லலாம்,
சொல்லவில்லை.
கம்ப்ரசர் நின்றது.

"வர்றேன்," என்றான்.
"ஃபேனைப் போட்டுடாதே."